தாத்தா ஏன் பேப்பர கிழிக்கிறாரு? டிமென்ஷியா உள்ள வீட்ல எல்லாரும் பாக்க வேண்டிய வீடியோ

வணக்கம் மக்களே. ஒரு கற்பனை கேஸ் சொல்றேன். 80 வயசு தாத்தா, டிமென்ஷியா, அதாவது மறதி நோய். சாயங்காலம் ஆனா நியூஸ்பேப்பர சின்ன சின்னதா கிழிச்சு, ஹால்ல உக்காந்திருக்கவங்க கைல ஒவ்வொண்ணா குடுக்குறாரு, வாங்கலன்னா கோவம் வேற வருது. வீட்ல பேப்பர ஒளிச்சு வச்சாச்சு, திட்டியும் பாத்தாச்சு, புதுசா வந்த ஹோம் நர்ஸ் "தாத்தாவுக்கு ரொம்ப முத்திருச்சுங்க"ன்னு சொல்லிட்டாங்க. அவங்களுக்கு வீட்ல யாருமே சொல்லாம விட்டது, தாத்தா முப்பது வருஷம் டவுன் பஸ் கண்டக்டர். மனுஷன் டிக்கெட் குடுத்துட்டு இருக்காருங்க!

இது தெரிஞ்சிருந்தா என்ன பண்ணிருப்பீங்க? ஒரு தோல் பையும் ஒரு கட்டு பழைய பேப்பரும் குடுத்து "ஒரு சென்ட்ரல் குடுங்கண்ணே"ன்னு கைய நீட்டிருப்பீங்க, பிரச்சனையே இல்ல. இதத்தான் வெளிநாட்டுல "லைஃப் ஸ்டோரி ஒர்க்"னு சொல்றாங்க. நோயாளியோட வாழ்க்கை கதைய எழுதி வச்சு, அத வச்சே அவங்கள பாத்துக்குறது.

ஹிஸ்டரிய வேகமா முடிச்சிடுறேன். 1963ல ராபர்ட் பட்லர்னு அமெரிக்க மனநல டாக்டர், வயசானவங்க பழசையே பேசுறது புத்தி தடுமாற்றம் இல்ல, அது அவங்களுக்கு தேவையான வேலைன்னு எழுதுனாரு. அப்புறம் இங்கிலாந்துல பிராட்ஃபோர்டுல டாம் கிட்வுட், நோய பாக்காதீங்க ஆள பாருங்கன்னாரு. அவ்ளோதான், வாங்க மேட்டருக்கு.

நெதர்லாந்துல ஆம்ஸ்டர்டாம் பக்கத்துல வேஸ்ப்னு ஒரு ஊரு, அங்க ஹோகவெய்க்னு டிமென்ஷியா கிராமம், 2009ல இருந்து இருக்கு. ஆரம்பிச்சப்ப 23 வீடு, வீட்டுக்கு ஆறேழு பேரு, சூப்பர் மார்க்கெட், தியேட்டர், ரெஸ்டாரன்ட் எல்லாம் உள்ளயே, ஸ்டாஃப் யாரும் யூனிஃபார்ம் போட மாட்டாங்க. ஆனா எனக்கு புடிச்சது இது எதுவும் இல்ல. யாரு எந்த வீட்ல இருக்கணும்னு எப்படி முடிவு பண்ணாங்க தெரியுமா? வியாதி எந்த ஸ்டேஜ்னு பாத்து இல்ல, எப்படி வாழ்ந்தவங்கன்னு பாத்து! மொத்தம் 7 வகை வச்சாங்க. கைத்தொழில் பண்ணவங்களுக்கு ஒரு வீடு, பணக்கார பங்களா பழக்கத்துல இருந்தவங்களுக்கு ஒரு வீடு, சர்ச், பக்தின்னு வாழ்ந்தவங்களுக்கு ஒண்ணு. இந்தோனேசியா டச்சுக்காரங்க காலனியா இருந்தப்ப அங்க வாழ்ந்துட்டு வந்தவங்களுக்குன்னே ஒரு வீடு, அங்க சமையலே இந்தோனேசியா ஸ்டைல்! சாப்பாடு, மியூசிக், மேஜை விரிப்பு வரைக்கும் வீட்டுக்கு வீடு வேற. பின்னாடி 4 வகையா சுருக்கிட்டாங்க, அது வேற விஷயம். நம்ம ஊர்ல இத பண்ணா சட்னி காரத்துலயே அம்பது வீடு கட்டணும்.

சரி, பழசு மட்டும் எப்படி நிக்குது? டிமென்ஷியாவுல ரொம்ப பேருக்கு வர்ற வகை அல்சைமர்ஸ், அதுல மூளையில ஹிப்போகேம்பஸ்னு புது ஞாபகத்த பதிய வைக்கிற இடம் சீக்கிரமே அடி வாங்கிடும், ரொம்ப நாள் முன்னாடி பதிஞ்சது கொஞ்சம் தாக்குப் புடிக்கும். அதுலயும் 10ல இருந்து 30 வயசுக்குள்ள நடந்ததுதான் எல்லாருக்குமே அதிகமா மனசுல நிக்கும்.

இங்கதான் நம்மாளுங்க சொதப்புறோம். தாத்தாவுக்கு "பழைய பாட்டு" போடுறேன்னு இளையராஜா போடுறீங்க. யோவ், அது உனக்கு பழைய பாட்டு! ராஜா சினிமாவுக்கு வந்ததே 1976ல, 1940ல பொறந்தவருக்கு அப்ப 36 வயசு, ஸ்கூல் ஃபீஸ் கட்டிட்டு இருந்திருப்பாரு. அவருக்கு வேணுங்கறது விஸ்வநாதன் ராமமூர்த்தி, கே.வி.மகாதேவன், அந்த செட்டு.

இன்னொண்ணு, இத தயவுசெஞ்சு நிறுத்துங்க. வீட்டுக்கு வர்ற ஒவ்வொரு சொந்தக்காரரும் குனிஞ்சு "பாட்டி, நான் யாருன்னு தெரியுதா? சொல்லுங்க பாப்போம்"னு பரிட்சை வைக்கிறீங்களே, அந்தம்மா நிலைமைய யோசிங்க, சுத்தி பத்து பேரு பதிலுக்கு வெயிட் பண்றாங்க, பதில் வரல, அப்புறம் எல்லாரும் "பாவம்"ங்கறாங்க. நீங்களே சொல்லிட்டு உள்ள வாங்க, "பாட்டி, உங்க தம்பி பேரன் வந்திருக்கேன்"னு. என்ன குறைஞ்சிடும்?

எல்லா பழசும் இனிப்பு இல்ல, அதையும் சொல்லணும். கனடாவுல டொரன்டோவுல பேக்ரெஸ்ட்னு ஒரு முதியோர் மருத்துவ மையம், யூத இனப்படுகொலையில தப்பிச்சவங்க நிறைய பேர கவனிச்ச இடம். அவங்கள்ல சிலருக்கு மறதி வந்தப்புறம் ஷவர்ல குளிக்க வைக்கிறது, சாப்பாட்டுக்கு வரிசையில நிக்க வைக்கிறது, யூனிஃபார்ம் போட்டவங்க ரூமுக்குள்ள வர்றது, எல்லாமே அந்த நாஜி முகாம் ஞாபகத்த திரும்ப கொண்டு வந்துடும். அதனால அங்க எத செய்யக்கூடாதுன்னும் கதைய கேட்டுத்தான் முடிவு பண்றாங்க. ஈழத்துல ஷெல்லடி பாத்த வீடுகள்லயும், தீபாவளி வெடி சத்தத்துக்கு முன்னாடி இத யோசிக்கணும்னு நான் நினைக்கிறேன்.

இதனால நோய் குணமாகுமா? ஆகாது. காக்ரேன்னு, மருத்துவ ஆய்வுகள ஒண்ணா சேர்த்து அலசுற ஒரு அமைப்பு இருக்கு, 2018ல வந்த அவங்க ஆய்வு 22 சோதனைகள சேர்த்து பாத்துச்சு, பழச பேச வைக்கிறதுல பலன் இருக்கு, ஆனா சின்னதுதான், எல்லா இடத்துலயும் ஒரே மாதிரியும் இல்ல. என் கருத்து, பெரிய மாற்றம் பாத்துக்குறவங்க கிட்டதான் வரும். "மூணாவது பெட் பேஷன்ட்" திடீர்னு "தறி ஓட்டுன அக்கா" ஆயிடுறாங்கல்ல.

இங்கிலாந்துல அல்சைமர்ஸ் சொசைட்டி "திஸ் இஸ் மீ"ன்னு ஒரு ஃபாரமே வச்சிருக்காங்க, ஆஸ்பத்திரிக்கு போனா அதையும் கூட எடுத்துட்டு போகணும். உங்களுக்கு ஃபாரம் எல்லாம் வேணாம், ஒரு நாப்பது பக்க நோட்டு போதும். என்ன பேர் சொல்லி கூப்பிட்டா திரும்புவாங்க, காபியா டீயா, எவ்ளோ சக்கரை, என்ன வேலை பாத்தாங்க, எதுக்கு பயம், யார் சாவ பத்தி பேசக்கூடாது, இதெல்லாம் எழுதுங்க. ஃபோட்டோவுக்கு கீழ பேரும் வருஷமும் எழுதி ஒட்டுங்க. மறதி ஆரம்பிச்ச புதுசுலயே அவங்களையே கேட்டு எழுதுங்க, வேணாம்னு சொன்ன ரகசியத்த நோட்டுல ஏத்தாதீங்க, அது அவங்க சொத்து. இந்தியாவுல 60 வயசுக்கு மேல சுமார் 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா இருக்கும்னு 2023ல கணக்கு வந்திருக்கு, அதனால எனக்கெதுக்குன்னு ஸ்கிப் பண்ணாதீங்க.

உங்க வீட்டு நோட்டுல முதல் வரி என்னவா இருக்கும்னு கமெண்ட்ல போடுங்க. அடுத்த வீடியோ, ஹோம் நர்ஸ் வைக்கிறதுக்கு முன்னாடி என்னென்ன கேக்கணும். பெல் பட்டன் அமுக்கிடுங்க.