ஒரு எழுத்து விட்டுப்போச்சு, உயிரே வரலை! ஒரு வரியே தப்பு, உயிர் ஜம்முனு இருக்கு!

ஸ்கூல்ல ஒரு எழுத்து விட்டா அரை மார்க்தான் போகும். இங்க ஒரு எழுத்து விட்டதுல பாக்டீரியாவுக்கு உயிரே வரலை!

மேட்டர் இதான். அமெரிக்காவுல விஞ்ஞானி கிரேக் வென்டர் டீம், ஒரு பாக்டீரியாவோட மொத்த டிஎன்ஏவையும் கம்ப்யூட்டர்ல இருந்த எழுத்து வரிசையைப் (டிஎன்ஏவோட ஒவ்வொரு குட்டி வேதித்துண்டுக்கும் ஒரு எழுத்து) பார்த்தே செய்ய இறங்குனாங்க. துண்டு துண்டா தயாரிச்சு, ஈஸ்ட்டுக்குள்ள வெச்சு ஒட்டி, வேற இன பாக்டீரியாவுக்குள்ள ஏத்தணும். மொத்தம் சுமார் 10.8 லட்சம் எழுத்து. ஏத்துனா அசையவே இல்லை. பல வாரம் மண்டையை உடைச்சுக்கிட்டாங்க. கடைசில பார்த்தா, டிஎன்ஏ நகலெடுக்கிறதைத் தொடங்கி வைக்கிற ஜீன்ல ஒரே ஒரு எழுத்து மிஸ்ஸிங்!

[திரையில்: எழுத்து வரிசை ஓடுது, ஒரு கட்டம் மட்டும் காலி]

அதைத் திருத்துனதும் செல் பெருக ஆரம்பிச்சிருச்சு. 2010 மே மாசம் உலகமே பேசுச்சு. செல்லோட உடம்பு பழசுதான், டிஎன்ஏ மட்டும்தான் புதுசு. அதைச் சொல்லாம "உயிரையே படைச்சுட்டாங்க"ன்னு தலைப்பு போட்டா ஓவர்.

இனிமேதான் எனக்குப் பிடிச்ச இடம். அந்த டிஎன்ஏவுல தங்களோட பேரு, சில மேற்கோள் எல்லாம் ரகசியக் குறியீடா எழுதி வெச்சாங்க. இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபெயின்மன் சொன்னதும் அதுல ஒண்ணு: "என்னால் உருவாக்க முடியாததை நான் புரிந்துகொள்ளவில்லை." ஆனா டிஎன்ஏவுல அதை வார்த்தை மாத்தித் தப்பா எழுதிட்டாங்க! சரியான வரியை அவர் கரும்பலகையில எழுதுன போட்டோவே, அவர் வேலை பார்த்த கால்டெக் பல்கலைக்கழகத்துல இருந்து வந்துச்சாம். செல்லுக்கு எந்தக் கவலையும் இல்லை. அது பயன்படுத்தாத இடத்துலதானே எழுதியிருக்கு! பிரியும்போதெல்லாம் அந்தத் தப்பையும் சின்சியரா நகலெடுத்துச்சு.

அடுத்து 2016. தேவையில்லாத ஜீனை எல்லாம் கழிச்சு, 473 ஜீன் மட்டும் வெச்சு ஒரு செல் செஞ்சாங்க. அதுல 149 ஜீன் என்ன வேலை பார்க்குதுன்னு செஞ்சவங்களுக்கே தெரியலை. எடுத்தா செல் சாகுது, இல்லைன்னா சரியா வளர மாட்டேங்குது, அது மட்டும் தெரியும். உருவாக்கியாச்சு, புரியலை. ஃபெயின்மன் இருந்திருந்தா என்ன சொல்லியிருப்பாரு? அப்புறம் வந்த ஆய்வுகள்ல அதுல சிலதுக்கு விடை கிடைச்சிருக்கு.

"சரிப்பா, இதனால என்ன பிரயோஜனம்?" டிஎன்ஏவை மாத்தற வித்தையால கிடைச்சதை வேகமா சொல்லிடறேன். பன்னி, மாட்டோட கணையத்துல இருந்து எடுத்துட்டிருந்த இன்சுலின், 1982-லயே பாக்டீரியா தயாரிப்பா மருந்துக்கடைக்கு வந்துருச்சு. மலேரியா மருந்துக்கான மூலப்பொருளை, ஜீன் மாத்துன ஈஸ்ட்டை வெச்சுத் தயாரிச்சுட்டாங்க. ஊசி மருந்துல பாக்டீரியா நஞ்சு இருக்கான்னு பார்க்க லாட நண்டோட நீல ரத்தத்தை எடுப்பாங்க. அதுல வேலை செய்யற புரதத்தை சிங்கப்பூர் விஞ்ஞானிகள் நண்டு இல்லாமலே தயாரிக்க வழி பண்ணிட்டாங்க. நண்டு சார்பா ஒரு லைக் போடுங்க!

எதிர்காலத்துக்கு வருவோம். குதிரை ஓடற ஒரு குட்டி வீடியோவை 2017-ல உயிருள்ள பாக்டீரியாவோட டிஎன்ஏவுலயே சேமிச்சுக் காட்டிட்டாங்க. ஆனா டிஎன்ஏ எழுதற செலவு இன்னும் எக்கச்சக்கம், அதனால ஹார்ட் டிஸ்க்கைத் தூக்கிப் போட்டுடாதீங்க.

பயமுறுத்தறது ஒண்ணு இருக்கு: கண்ணாடி உயிர். உயிர்கள்ல இருக்கிற மூலக்கூறுகளை, கண்ணாடியில தெரியற மாதிரி இடம்வலம் மாத்தி ஒரு பாக்டீரியா செஞ்சா, நம்ம எதிர்ப்பு சக்திக்கு அது சரியா அடையாளமே தெரியாம போகலாம். 2024 டிசம்பர்ல விஞ்ஞானிகள் பலர் சேர்ந்து "இதைச் செய்யவே வேண்டாம்"னு எச்சரிச்சாங்க. கண்ணாடி மூலக்கூறை மருந்துக்குப் பயன்படுத்தறது வேற, அதை அவங்க எதிர்க்கலை. முழு பாக்டீரியான்னு வந்தா, நான் பயந்தாங்கொள்ளி கட்சி. நீங்க எந்தக் கட்சி? கமெண்ட்ல சண்டை போடலாம், வாங்க.