காளை நின்ற இடம்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். கலை வரலாறு இளங்கலையில் படிக்க வேண்டிய பாடமா, ஓய்வு நேரத்தில் ரசிக்க வேண்டிய விஷயமா என்பது தலைப்பு. பாடமே என்று பேச வந்திருக்கிறேன். அதில் நான் இரண்டாமாண்டு மாணவி.

எதிரணி அண்ணன் கேட்டார்: “மியூசியத்துக்கு டிக்கெட் எடுத்துப் போய்ப் பார்த்தால் போதாதா?”

பள்ளி நாட்களில் தஞ்சாவூர் அரண்மனைக் கலைக்கூடத்துக்கு டிக்கெட் எடுத்துப் போனவள்தான் நானும். திருவெண்காட்டு ரிஷபவாகனர் என்ற சிவனின் வெண்கலச் சிலையைப் பார்த்தேன், கும்பிட்டேன், நகர்ந்தேன். அரை நிமிஷம் இருக்கும். கல்லூரியில் சேர்ந்த வருஷம் எங்கள் ஆசிரியை அதே சிலை முன்னால் உட்காரவைத்து, ஒரு மணி நேரம் வரையச் சொன்னார். வரையும்போதுதான் தெரிந்தது, அந்தக் கை எதன்மேலோ சாய்ந்திருக்கிறது. அங்கே ஒன்றுமில்லை. சிவனின் வாகனமான காளை நின்ற இடம் அது. காளை இப்போது இல்லை. ஒரு காலைக் குறுக்கே வைத்துச் சாய்ந்து நிற்கிற அந்த ஒயிலில், இல்லாத காளையின் உயரம்கூடத் தெரிந்தது எனக்கு. பிறகு கல்வெட்டு வகுப்பில் படித்தோம்: சிலை 1011-ல், ராஜராஜன் காலத்தில் வந்தது, அவர் துணையான அம்மன் மறு வருஷம் வந்தாள். கண்ணும் கல்வெட்டும் அன்றைக்குச் சேர்ந்தன. ஓய்வு நேரத்தில் அந்த ஒரு மணி நேரத்தை யார் உட்காரவைப்பார்கள்?

அண்ணன் இன்னொன்றும் சொன்னார், அது நல்ல வாதம். சிலை மீட்பில் பெயர்பெற்ற எஸ். விஜயகுமார் கப்பல் துறைக்காரர், ஆர்வத்தால் செய்தவர் என்றார். அவரை நானும் வணங்குகிறேன். ஆனால் அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தன் கோயிலிலிருந்து களவுபோன நடராஜரை எடுத்துக்கொள்ளுங்கள். ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008-ல் சுமார் 50 லட்சம் டாலர் கொடுத்து வாங்கிய சிலை அது. நம் சிலைதான் என்று எதை வைத்து நிரூபித்தார்கள்? புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் கோயில் கோயிலாகப் போய், ஊர்பேர் எழுதி, அடுக்கிவைத்திருந்த போட்டோவை வைத்து. மெழுகில் உருச்செய்து, மண் பூசி, சுட்டு மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த இடத்தில் உருக்கிய உலோகத்தை ஊற்றி, அச்சை உடைத்து எடுப்பது நம் வார்ப்பு முறை. ஒரு மெழுகுக்கு ஒரு சிலைதான். அதனால் ஒன்றைப்போல் இன்னொன்று இருக்காது. இது தெரிந்தவர் கையில்தான் அந்த போட்டோ சாட்சியாகும். 2014 செப்டம்பரில் நடராஜர் இந்தியாவுக்குத் திரும்பினார். ஆர்வலர் ஓடி வந்து கதவைத் தட்டும்போது, உள்ளே அந்தக் கோப்பை எடுத்துக் கொடுக்க ஆயுளையே கொடுத்த ஆட்கள் இருக்க வேண்டாமா?

வேலை கிடைக்குமா என்று எங்கள் அப்பாவும் கேட்டார். பணியிடங்கள் குறைவுதான், மறைக்கவில்லை. கடன் வாங்கிப் படிக்கிற வீட்டில் அந்தப் பயம் நியாயமானது. ஆனால் செய்ய வேண்டிய வேலை குவிந்து கிடக்கிறது, நடுவர் அவர்களே. ஸ்ரீபுரந்தன் நடராஜருக்கு ஒரு போட்டோவாவது இருந்தது. ஒரு போட்டோகூட இல்லாத சாமிகள் நம் கிராமங்களில் பூட்டிய கதவுக்குள் நிற்கிறார்கள். அவர்களைப் பார்த்து, அளந்து, எழுதிவைக்கத்தான் நான் படிக்கிறேன்.

நன்றி, வணக்கம்.