போர்வை போதுமா?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். ‘கருக்கலைப்புத் தடைச் சட்டம் உள்ள ஊரில், அவசரத்துக்கு மருத்துவமனை வந்த கர்ப்பிணி இறந்தால், பெரிய பழி யாருக்கு? மருத்துவமனைக்கா, சட்டத்துக்கா?’ என்பது தலைப்பு. சட்டத்துக்குத்தான் என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் சவிதா ஹலப்பனாவர் பற்றிச் சொன்னார். நன்றாகவே சொன்னார். பாதியில் விட்டுவிட்டார், அவ்வளவுதான்.

சவிதா, கர்நாடகத்திலிருந்து போன பல் மருத்துவர். வயது 31. பதினேழு வாரக் கர்ப்பம். 2012 அக்டோபர் 21, ஞாயிற்றுக்கிழமை, முதுகுவலி என்று அயர்லாந்தின் கால்வே பல்கலைக்கழக மருத்துவமனைக்குப் போகிறார். நள்ளிரவு தாண்டியதும் பனிக்குடம் உடைகிறது. இனிக் கரு தங்காது என்பது மருத்துவர்களுக்கே தெரியும். ஆனால் அதன் இதயம் துடித்துக்கொண்டிருக்கிறது. எப்படியும் தங்காதென்றால் எடுத்துவிடுங்கள் என்று செவ்வாய்க்கிழமை கேட்கிறார். சட்டம் இடம் தராது என்று பதில் வருகிறது.

புதன் விடியற்காலை நாலே கால் மணி. பற்கள் தந்தியடிக்க நடுங்குகிறார். போர்வையும் பாரசிட்டமாலும் கொடுக்கிறார்கள். ஆறரை மணிக்குக் காய்ச்சல் 39.6 டிகிரி செல்சியஸ், நாடித்துடிப்பு 160. கிருமி ரத்தத்தில் ஏறிவிட்டது. அன்று பிற்பகல் கரு தானாகவே வெளியே வந்தது. 28ஆம் தேதி சவிதா இறந்தார்.

மருத்துவமனையில் சேர்ந்த நாளே எடுத்த ரத்தப் பரிசோதனையில் வெள்ளணு கூடியிருந்தது, தொற்றுக்கு அது அறிகுறியாகலாம், அதைத் தொடர்ந்து கவனிக்கவில்லை, கண்காணிப்பே சரியில்லை என்கிறது எதிரணி. உண்மை. மறுத்தால் நடுவர் என்னை இப்போதே உட்கார வைத்துவிடுவார்.

சரி, பனிக்குடம் உடைந்து இரண்டு நாள் கழித்தும் அவர் ஏன் அதே கட்டிலில் காத்துக்கிடந்தார்? மரண விசாரணையில் சாட்சி சொன்ன மகப்பேறு நிபுணர் பீட்டர் பாய்லன் இதற்குப் பதில் சொன்னார். திங்களோ செவ்வாயோ கருவை எடுத்திருந்தால் சவிதா பெரும்பாலும் பிழைத்திருப்பார். ஆனால் அன்று எடுக்கச் சட்டத்தில் வழியில்லை, ஏனென்றால் அன்று அவர் உயிருக்கு ஆபத்து இல்லை. எடுக்கலாம் என்கிற அளவுக்கு ஆபத்து வந்தபோது காலம் கடந்திருந்தது. நோயாளி நன்றாக இருக்கும்வரை கைவைக்கக் கூடாது, மோசமான பிறகு வைக்கலாம் என்றால், இதற்குப் பெயர் சிகிச்சையா?

அந்த மருத்துவர்களின் தலைக்கு மேல் என்ன தொங்கியது என்பதையும் பாருங்கள். ஆயுள் தண்டனை வரை போகும் 1861ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று. தாயின் உயிருக்கும் கருவின் உயிருக்கும் சம உரிமை என்ற 1983ஆம் ஆண்டு அரசியலமைப்புத் திருத்தம் இன்னொன்று. தாயின் உயிருக்கு உண்மையான, கணிசமான ஆபத்து இருந்தால் கருவைக் கலைக்கலாம் என்று 1992இல் அயர்லாந்து உச்ச நீதிமன்றம் சொன்னது. கணிசம் என்றால் எவ்வளவு? காய்ச்சல் எத்தனை டிகிரி? சவிதா இறக்கும்வரை இருபது ஆண்டுகள், எந்த அரசும் அதைச் சட்டமாக எழுதவில்லை.

‘இது கத்தோலிக்க நாடு’ என்று சவிதாவிடம் சொன்ன செவிலியைக் கல் நெஞ்சுக்காரி ஆக்கிவிட்டார் எதிரணி நண்பர். ஏன் முடியாது என்பதை விளக்கத்தான் அப்படிச் சொன்னேன் என்றார் அவர், விசாரணையில். நான் அவரை நம்புகிறேன். அவர் சொன்னது அந்த நாட்டின் நிலவரம்.

அயர்லாந்து பழைய கதை என்பீர்கள். அமெரிக்காவுக்கு வாருங்கள். அவசரத்துக்கு வந்தவரின் உடல்நிலையைச் சீராக்காமல் அனுப்பக் கூடாது என்று 1986இலிருந்து அங்கே கூட்டாட்சிச் சட்டம் இருக்கிறது. ஆனாலும் ஐடஹோ மாநிலம், மருத்துவக் காரணமென்றால் சாவைத் தடுக்க மட்டுமே கலைக்கலாம், மீறினால் இரண்டு முதல் ஐந்து ஆண்டு சிறை என்றது. அங்கே சென்ட் லூக்ஸ் மருத்துவமனைக் குழுமம் 2023 முழுக்க அவசர நிலையில் இருந்த ஒரே ஒரு கர்ப்பிணியைத்தான் சிகிச்சைக்காக விமானத்தில் வெளி மாநிலத்துக்கு அனுப்பியிருந்தது. அந்த மாநிலச் சட்டம் நீதிமன்றத் தடையின்றி அமலில் இருந்த 2024இன் முதல் சில மாதங்களிலேயே ஆறு பேரை அனுப்பியது. நான்கு மாதத்தில் மருத்துவர்களுக்குத் தொழில் மறந்துபோயிற்றா?

கடைசியாக, எதிரணி தூக்கிக் காட்டிய, சவிதாவின் மரணம் பற்றிய விசாரணைக் குழு அறிக்கை. அந்தக் குழுவின் தலைவர் ஓர் இலங்கைத் தமிழர், பேராசிரியர் சபாரத்தினம் அருள்குமரன். கண்காணிப்புக் குறையை அவர் எழுதினார், பட்டவர்த்தனமாகவே எழுதினார். ஆனால் அதே அறிக்கையின் பரிந்துரைகளில், சட்டத்தையும், தேவைப்பட்டால் அரசியலமைப்பையும் மாற்றுவது பற்றி நாடாளுமன்றம் யோசிக்க வேண்டும் என்றும் இருக்கிறது. எதிரணி நண்பர் கையில்தான் அறிக்கை இருக்கிறது. நடுவர் அனுமதித்தால் அந்தப் பக்கத்தையும் அவரே வாசிக்கட்டும்.