பே ஸ்லிப்ல ஒரு சர்ச்

எல்லாருக்கும் வணக்கம். தலைப்பை ரொம்பப் பெருசா போட்டுட்டாங்க, மதச்சார்பற்ற சமூகத்துல மதம் என்னாகுதுன்னு. உலகம் பூரா சுத்திப் பேச ஆரம்பிச்சா பாதில நீங்க டீக்கு எந்திரிச்சுப் போயிடுவீங்க, அதனால ஜெர்மனியை மட்டும் எடுத்துக்குறேன், அங்க கொஞ்ச காலம் வேலை பார்த்தவன்கிற தைரியத்துல.

நம்ம தூத்துக்குடிப் பையன் ஒருத்தன் அங்க வேலைக்குப் போறான்னு வெச்சுக்கோங்க. வீடு கிடைச்சதும் நகராட்சி ஆபீஸ்ல போய் விலாசத்தைப் பதியணும், அது சட்டம். அப்ப என்ன மதம்னும் கேப்பாங்க. இவன் ஞாயித்துக்கிழமை பூசை தவறாத ஆளு, பெருமையா ரோமன் கத்தோலிக்னு எழுதிடுவான். மாசக் கடைசில பே ஸ்லிப் வந்தாதான் முழிப்பான், ஏன்னா வருமான வரிக்குக் கீழயே சர்ச் வரின்னு தனியா ஒரு பிடித்தம் இருக்கும். பவேரியாவுலயும் பாடன் வூர்ட்டம்பெர்க்லயும் 8 சதவீதம், மத்த மாநிலத்துல எல்லாம் 9. சம்பளத்துல 9 இல்லீங்க, நிறைய பேர் அப்படி நினைச்சு பயந்துடுறாங்க, கட்டுற வருமான வரில 9. மாசம் 600 யூரோ வரி கட்டுறவனுக்கு 54 யூரோ போகும். உண்டியல்ல போடுறதா வேண்டாமான்னு யோசிக்கிற வேலையே இல்ல, கைக்கு வர்றதுக்கு முன்னாடியே போயிடும்.

இது எப்படி வந்துச்சுன்னா, 1803 வாக்குல அங்க இருந்த அரசுகள் சர்ச் நிலம், மடத்துச் சொத்துன்னு பெரும்பாலானதைப் புடுங்கிக்கிச்சு, அப்புறம் சர்ச்சை நடத்த யாரு காசு குடுக்குறதுன்னு பிரச்சனை வந்தப்ப உங்க ஆளுங்ககிட்ட நீங்களே வரி வாங்கிக்கோங்கன்னு ஒதுங்கிக்கிச்சு. 1919 அரசியல் சட்டத்துல அரசு மதம்னு ஒண்ணு கிடையாதுன்னும் எழுதியிருக்கான், மத அமைப்புகள் வரி போடலாம்னும் அதே பிரிவுல எழுதியிருக்கான், 1949ல புது சட்டம் போட்டப்பவும் அதை அப்படியே தூக்கி உள்ள வெச்சுட்டாங்க. வசூல் வேலையை பெரும்பாலும் அரசாங்கமே பார்த்துக் குடுத்துட்டு அதுக்கு ஒரு சின்ன கமிஷனும் எடுத்துக்கும். 2022ல கத்தோலிக்கம், புராட்டஸ்டன்ட்னு ரெண்டு பெரிய சபைக்கும் சேர்த்து இப்படி வந்தது 1200 கோடி யூரோவுக்கு மேல.

நான் சொல்ல வந்தது இதுதான், இந்த வசதிதான் அவங்களுக்கு வினையாச்சு. நம்ம ஊர்ல ஒருத்தருக்கு பக்தி குறைஞ்சா என்ன பண்ணுவாரு? கோயிலுக்குப் போறதை விட்டுருவாரு, யாருக்கும் தெரியாது, நாளைக்குப் பொண்ணு கல்யாணம்னா முதல் பத்திரிகையை சாமி காலடியில வெச்சுட்டு வந்துருவாரு. அங்க அப்படி நைசா நழுவ முடியாது. வரி வேண்டாம்னா மாநிலத்தைப் பொறுத்து கோர்ட்டுக்கோ பதிவு ஆபீஸுக்கோ நேர்ல போய், ஐடி காட்டி, பல ஊர்ல 30 யூரோ அளவுக்கு ஃபீஸும் கட்டி, நான் விலகுறேன்னு கையெழுத்துப் போடணும். சாமியார்கிட்ட ஒரு வார்த்தை பேச வேண்டியதில்ல, அவருக்குத் தகவல் பின்னாடி போகும். இப்படி விலகினவங்களுக்கு பூசைல நற்கருணை அப்பம் கிடையாது, சாமியார்கிட்ட பாவத்தைச் சொல்லி மன்னிப்பு வாங்குற பாவசங்கீர்த்தனம் கிடையாது, குழந்தையோட ஞானஸ்நானத்துல ஞானப்பெற்றோரா நிக்க முடியாதுன்னு 2012ல கத்தோலிக்க ஆயர்கள், அதாவது பிஷப்புங்க, ஆணை போட்டாங்க. சந்தேகத்துல இருந்தவனைக்கூட ஒரேயடியா வெளில தள்ளிட்ட மாதிரி ஆயிடுச்சுங்கறது என் அபிப்பிராயம்.

நம்பர் சொல்றேன். 2022 ஒரு வருஷத்துல மட்டும் கத்தோலிக்க சபையை விட்டு 5,22,821 பேர் விலகினாங்க. அடுத்த வருஷம் 4 லட்சத்துக்கு மேல. புராட்டஸ்டன்ட் பக்கமும் வருஷத்துக்கு 3 லட்சத்துக்கு மேல. 1950கள்ல மேற்கு ஜெர்மனில நூத்துக்குத் தொண்ணூறு பேருக்கு மேல இந்த ரெண்டு சபைல ஏதாவது ஒண்ணுல இருந்தாங்க, 2022ல மொத்த நாட்டுல பாதிக்கும் கீழ வந்துடுச்சு. கிழக்கு ஜெர்மனி கதை வேற, அங்க கம்யூனிஸ்ட் ஆட்சிலயே பெரும்பாலும் முடிஞ்சுபோச்சு.

காரணம்னா எல்லாரும் பாலியல் கொடுமை விவகாரத்தைச் சொல்வாங்க, சும்மா இல்ல, 2018ல ஆயர்கள் பேரவையே ஏற்பாடு பண்ணின ஆய்வுல 1,670 குருமார் மேல குற்றச்சாட்டு, பாதிக்கப்பட்டவங்க 3,677 பேர்னு வந்துச்சு, அதுவும் கோப்புல எழுதி இருந்தது மட்டும். 2022 ஜனவரில மியூனிக் மறைமாவட்டத்துல நடந்த கொடுமைகளைப் பத்தின அறிக்கை வந்தப்ப ஓய்வுபெற்ற போப் பெனடிக்ட் பேரே அடிபட்டுச்சு. கோபம் நியாயமான கோபம். ஆனா கொடுமை வெளில வந்த எத்தனையோ நாட்டுல ஜனங்க சும்மா போறதை நிறுத்திட்டாங்க, ஜெர்மனிலதான் அந்தக் கோபத்துக்கு ஒரு கவுன்டரும் ஒரு ஃபார்மும் ரெடியா இருந்துச்சு, கையெழுத்துப் போட்டா மாசம் 54 யூரோ மிச்சம் வேற. சம்பாதிக்க ஆரம்பிச்ச வயசுலதான் விலகுறவங்க அதிகம்னா அது தற்செயலா?

சரி, அப்ப மதம் போயிடுச்சான்னா அதுவும் இல்ல. விலகினவன் புள்ள படிக்கிற பாலர் பள்ளி சர்ச் நடத்துறதா இருக்கும், அம்மாவைச் சேர்த்திருக்கிற ஆஸ்பத்திரியும் சர்ச்சோடதா இருக்கும். கத்தோலிக்க சபைக்கு காரித்தாஸ், புராட்டஸ்டன்ட் சபைக்கு டியாகோனின்னு ரெண்டு சேவை அமைப்பு, சேர்த்துப் பார்த்தா பத்து லட்சத்துக்கு மேல சம்பள ஆளுங்க, காசு பெரும்பாலும் இன்சூரன்ஸும் அரசாங்கமும் குடுக்குறது, மேல போர்டு மட்டும் சபை பேர்ல. நவம்பர் 11 புனித மார்ட்டின் நாள்ல குழந்தைங்க காகித விளக்கைத் தூக்கிட்டுப் பாடிக்கிட்டே போவாங்க, கூட நடக்குற அப்பா அம்மால எத்தனை பேர் விலகினவங்கன்னு யாரும் கேக்குறதில்ல.

கட்டடங்கள் பாடுதான் பரிதாபம். மொன்ஷென்கிளாட்பாஹ்ல ஒரு சர்ச் சுவர் ஏறிப் பழகுற விளையாட்டுக் கூடமாயிடுச்சு, பீலஃபெல்ட்ல ஒண்ணு ரெஸ்டாரன்ட், ஆஹன்ல ஒண்ணு அஸ்திக் கலசம் வைக்கிற இடம், ஹாம்பர்க்ல ஒண்ணு மசூதி. மசூதி ஆனப்ப கிளம்பின சத்தம் ரெஸ்டாரன்ட் ஆனப்ப கிளம்பலங்கறதையும் சொல்லிடுறேன்.

சபைங்க இப்படி ஆளு குறைஞ்சுக்கிட்டு வந்த காலத்துலதான் நம்ம ஈழத் தமிழர்கள் அகதியா அங்க வந்து இறங்குறாங்க. அவங்களுக்கு வரி வசூலிச்சுக் குடுக்க எந்த ஆபீஸும் இல்ல. ஹாம்ங்கிற ஊர்ல ஒரு வீட்டு நிலவறைல ஆரம்பிச்ச காமாட்சி அம்மன் கோயில், 2002ல தொழிற்பேட்டைக்கு நடுவுல கோபுரத்தோட எந்திரிச்சு நிக்குது. தேர்த் திருவிழான்னா ஆயிரக்கணக்குல கூட்டம், தீர்த்தவாரி பக்கத்துக் கால்வாய்ல, ஆத்துக்கு எங்க போறது. டச்சு எல்லை கிட்ட கெவெலார்னு ஒரு பழைய மாதா தலம் இருக்கு, ஆகஸ்ட்ல தமிழர் யாத்திரை நடக்கும், கத்தோலிக்கருக்குச் சமமா சைவக் குடும்பங்களும் வந்து மெழுகுவத்தி ஏத்துவாங்க, யாரு எந்த மதம்னு பதியுற ஃபார்ம் அங்க கிடையாது. ஆனா ரொம்ப குஷியாயிடாதீங்க, அங்க பொறந்த பசங்களுக்கு ஜெர்மன்தான் சரளமா வருது, அர்ச்சனை சமஸ்கிருதத்துல நடக்குது, இந்தக் கூட்டம் இன்னும் முப்பது வருஷத்துக்கு நிக்குமாங்கறதுக்கு கேரண்டி இல்ல.

இங்க வர்றதுக்கு முன்னாடி வாசல்ல ஒருத்தர் கேட்டாரு, சார் நம்ம நாட்டுலயும் இப்படி ஆகுமான்னு. 2011 கணக்கெடுப்புல மதம் சொல்லாதவங்க சுமார் 29 லட்சம், நூத்துக்கு கால்கூட இல்ல. சொல்லாம விட்டா ஒரு பைசா மிச்சமில்ல, விலகுறதுக்குத் தனி ரிஜிஸ்டரும் இல்ல. இங்க மதம் ஒட்டிக்கிட்டு இருக்குறது சாதிக்குள்ள, கல்யாணத்துக்குள்ள, சர்டிபிகேட்டுக்குள்ள. திருப்பத்தூர்ல ஒரு வக்கீலம்மா, சாதி மதம் அற்றவர்னு ஒரு சான்றிதழ் வாங்க ஒன்பது வருஷம் அலைஞ்சு 2019லதான் வாங்கினாங்க. சரி, நேரமாச்சு, கேள்வி இருக்கவங்க கை தூக்குங்க, தம்பி மைக் கொண்டு வருவாரு.