அத்திமரத்தடித் தறி

நேயர்களுக்கு வணக்கம்.

அர்ஜென்டினாவின் மேற்கே, ஆண்டிஸ் மலையடிவாரத்தில் சான் ஹுவான் என்றோர் ஊர். அங்கே ஒரு வீட்டு முற்றத்தில் அத்திமரம், அதன் நிழலில் ஒரு கைத்தறி. பவுலா அல்பராசின் என்ற பெண்மணி அந்தத் தறியில் துணி நெய்து, விற்ற காசில்தான் வீட்டையே கட்டினார். அப்புறமும் தறி ஓயவில்லை. குடும்பம் சாப்பிட்டதும் அதை நம்பித்தான். அந்தத் தறிச் சத்தத்தில் 1811இல் பிறந்து வளர்ந்த பையன், 1868இல் நாட்டின் ஜனாதிபதியானார். பெயர் தொமிங்கோ ஃபவுஸ்தினோ சார்மியென்தோ.

ஐந்து வயதில் பள்ளியில் சேர்ந்தார். ஒரு நாள்கூட மட்டம் போட்டதில்லை என்று பெரியவரான பிறகும் பெருமையோடு எழுதினார். தலைநகரில் மேலே படிக்க உதவித்தொகை வந்தது. சீட்டுக் குலுக்கினார்கள். இவர் பெயர் விழவில்லை. சரி, படிப்பு போயிற்றா? இல்லை. உறவினரான பாதிரியார் ஒருவரோடு குக்கிராமத்துக்குப் போனார். பதினைந்து வயதில், தன்னைவிட மூத்த இளைஞர்களை உட்காரவைத்து எழுத்துக் கற்றுக்கொடுத்தார்.

நாட்டில் அப்போது உள்நாட்டுச் சண்டை. தோற்ற பக்கத்தில் நின்றதால் மலை தாண்டி சிலிக்கு ஓடவேண்டியதாயிற்று. வால்பரைசோ துறைமுகத்தில் ஒரு கடையில் சிப்பந்தி வேலை. சம்பளத்தில் பாதியை ஆங்கில வாத்தியாருக்குக் கொடுத்தார். தெருவில் ரோந்து போகும் காவல்காரருக்கும் வாரம் இரண்டு காசு தந்தார், எதற்குத் தெரியுமா? விடியற்காலை இரண்டு மணிக்குக் கதவைத் தட்டி எழுப்பிவிட. மற்ற எல்லாவற்றையும்விட, இருட்டில் கேட்கும் அந்தக் கதவுத் தட்டல்தான் எனக்கு இந்த மனிதரைக் காட்டுகிறது.

ஊர் திரும்பிப் பத்திரிகை நடத்தினார். சர்வாதிகாரி ரோசாஸின் ஆட்கள் 1840இல் அடித்து விரட்டினார்கள். மறுபடியும் சிலி. போகிற வழியில் ஓர் அறைச் சுவரில் கரித்துண்டால் பிரெஞ்சு மொழியில் எழுதிவிட்டுப் போனார்: ‘கருத்துகளைக் கொல்ல முடியாது.’ சாந்தியாகோவில் 1842இல் தொடங்கிய ஆசிரியர் பயிற்சிப் பள்ளிக்கு அவரே தலைவர்.

ஜனாதிபதித் தேர்தல் நடந்தபோது அவர் அமெரிக்காவில் தூதர். ஊரில் இல்லாமலேயே வென்றார். பதவிக்கு வந்த மறு வருடம் நாட்டின் முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. பதினெட்டு லட்சத்துச் சொச்சம் பேரில் பெரும்பாலோருக்கு எழுத்தே தெரியாது. ஆறு வருடத்தில் பள்ளி போகும் பிள்ளைகள் சுமார் 30,000இலிருந்து 1,00,000 ஆனார்கள். பரானா நகரில் ஆசிரியர் பயிற்சிப் பள்ளி திறந்தார், அமெரிக்காவிலிருந்து ஆசிரியைகளை வரவழைத்தார். கோர்டோபாவில் வானாய்வுக்கூடம் வந்தது. நூலகம் வேண்டும் என்று ஊர்மக்கள் பணம் திரட்டினால், அரசும் அதே அளவு போட்டுப் புத்தகம் வாங்கித் தரும் என்று 1870இல் சட்டம் செய்தார்.

இத்தனையும் சொல்லிவிட்டு அடுத்ததைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை. சமவெளியில் குதிரைமேல் வாழ்ந்த காவ்சோ மக்களையும் பழங்குடிகளையும் அவர் காட்டுமிராண்டிகள் என்றார். காவ்சோக்களின் ரத்தத்தைச் சிந்தத் தயங்க வேண்டாம் என்று 1861இல் தளபதி மித்ரேவுக்குக் கடிதம் எழுதினார். இரண்டு வருடம் கழித்து, அவர்களுடைய தலைவர் சாச்சோ பெஞாலோசா பிடிபட்ட பிறகு ஈட்டியால் குத்திக் கொல்லப்பட்டார். தலையை வெட்டிக் கம்பத்தில் வைத்தார்கள். அப்போது சான் ஹுவான் ஆளுநராக இருந்த சார்மியென்தோ அதை வெளிப்படையாகவே பாராட்டினார். எழுத்தறியாதவருக்குப் பள்ளி கட்டியவர், எழுத்தறியாத அந்த மனிதர்களிடமும் கற்க ஏதாவது இருக்கும் என்று நினைத்துப் பார்க்கவே இல்லை. எத்தனை பள்ளி கட்டினாலும் இந்தக் கணக்கு நேராகாது.

1874இல் பதவி முடிந்தது. நாட்டை ஆண்டவர், அடுத்த வருடமே புவெனஸ் ஐரிஸ் மாகாணப் பள்ளிகளின் இயக்குநராகப் பொறுப்பேற்றார். அது தனக்குக் குறைவு என்று அவர் நினைக்கவில்லை.

அவருக்கு ஒரே மகன், தொமிங்கீத்தோ. 1866இல் பராகுவே போரில், குருபாய்த்தி தாக்குதலில், இருபத்தொரு வயதில் குண்டுபட்டு இறந்தான். தகவல் வந்தபோது தந்தை அமெரிக்காவில். இருபது வருடம் கழித்து, முதுமையில், அந்தப் பிள்ளையின் வாழ்க்கையைப் புத்தகமாக எழுதினார்.

உடல் தளர்ந்ததும், குளிருக்கு ஒதுங்க மருத்துவர்கள் சொன்ன ஊர் பராகுவேயின் தலைநகர் அசுன்சியோன். மகனைக் கொன்ற அதே நாடு. அங்கேதான் 1888 செப்டம்பர் 11 அன்று அவர் கண்மூடினார். நான்கு நாட்டுக் கொடிகள் போர்த்தி, ஆற்று வழியே அவரை புவெனஸ் ஐரிஸுக்குக் கொண்டுவந்தார்கள். அவற்றில் பராகுவேயின் கொடியும் ஒன்று.

வணக்கம்.