முட்டை கேட்டார், கிடைக்கவில்லை

நடுவர் அவர்களே, வணக்கம். ஆங்கிலம் சீரழிகிறது என்று அடித்துப் பேசிவிட்டுப் போயிருக்கிறார் எதிரணி அண்ணன். போனில் தட்டுகிற பிள்ளைகள் சொல்லை வெட்டிச் சுருக்குகிறார்களாம், கண்ட ஊர்ச் சொல்லையும் உள்ளே விடுகிறார்களாம்.

அண்ணே, இந்தப் புலம்பல் போனுக்கு ரொம்ப மூத்தது. 1710-லேயே எழுத்தாளர் ஜோனதன் ஸ்விஃப்ட் பத்திரிகையில் இதையே எழுதினார். நிலையில்லாத கூட்டம் என்று பொருள்படும் 'மொபிலே வல்கஸ்' என்ற லத்தீன் தொடரை ஜனங்கள் 'மாப்' என்று நறுக்கிவிட்டார்கள், தடுத்துப் பார்த்தேன், ஆள்பலத்தில் தோற்றுவிட்டேன் என்று வருத்தப்பட்டார். இன்று கட்டுக்கடங்காத கும்பலை 'மாப்' என்று எழுதினால் எந்த வாத்தியார் சிவப்பு மையால் சுழிப்பார்?

சரி, வெளியூர்ச் சொல்லுக்கு வருகிறேன். இங்கிலாந்தில் முதல் அச்சகம் வைத்த வில்லியம் காக்ஸ்டன் 1490-இல் ஒரு சம்பவம் எழுதியிருக்கிறார். தேம்ஸ் நதியில் கப்பலேறிய வணிகர்கள், காற்று வீசாததால் வழியில் கரையிறங்கி, ஒரு வீட்டில் சாப்பாடு கேட்கிறார்கள். ஒருவர் முட்டை வேண்டும் என்று 'எக்ஸ்' என்கிறார். அந்த அம்மா, எனக்கு பிரெஞ்சு தெரியாது என்கிறார்! கேட்டவருக்குக் கோபம் வந்துவிட்டது, ஏனென்றால் அவருக்கும் பிரெஞ்சு தெரியாது, பேசியது ஆங்கிலம்தான். இன்னொருவர் 'எய்ரன்' என்றதும்தான் அந்த அம்மாவுக்குப் புரிந்தது. இதில் 'எய்ரன்' அந்த மண்ணின் பழைய சொல், 'எக்' ஸ்காண்டிநேவியக் கடலோடிகளான வைக்கிங்குகளோடு கடல் கடந்து வந்தது. இன்று ஆங்கிலேயர் காலையில் எதைக் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறார்கள்? முட்டையையாவது விடுங்கள், 'தே', 'தெம்' என்கிற சொற்களே அந்த வைக்கிங்குகள் வழியாக வந்தவைதான். 'அவர்கள்' என்று சொல்லக்கூட வெளியாளிடம் வாங்கிய மொழி, அதனால் நலிந்தா போனது?

சொல்லின் பொருள் மாறுகிறது என்றும் அண்ணன் கவலைப்பட்டார். 'நைஸ்' என்றால் ஒரு காலத்தில் முட்டாள் என்று அர்த்தம். பழைய அர்த்தமே வேண்டுமா அண்ணே?

ஆங்கிலத்தை ஓரிடத்தில் நிறுத்திவிடலாம் என்று 1747-இல் திட்டம் போட்டவர் சாமுவேல் ஜான்சன். பாடுபட்டு 1755-இல் அகராதியை வெளியிட்டபோது, அசைகளுக்கு விலங்கு மாட்டுவதும் காற்றைச் சவுக்கால் அடிப்பதும் ஒரே ஆணவம்தான் என்று முன்னுரையில் அவரே எழுதிவிட்டார். எனக்கு அந்த மனிதர்மேல் மரியாதை கூடியது அங்கேதான்.

அடுத்து வருகிற எதிரணிப் பேச்சாளர் ஒன்றுக்கு மட்டும் பதில் சொல்லட்டும். எந்த வருஷத்து ஆங்கிலம் கெடாத ஆங்கிலம்? வருஷத்தைச் சொல்லுங்கள், அந்த வருஷத்தில் அழுதுகொண்டிருந்த ஒருவரை நான் காட்டுகிறேன்.