எந்தப் புல்லைத் திரும்ப நடுவது?

நண்பர்களே, தாவரவியல் படிக்கும் தம்பி தங்கைகளே,

நீலகிரியில் குறிஞ்சி பூத்தால் ஊரே மலையேறுகிறது. அந்தக் குறிஞ்சியைச் சுற்றி நிற்கும் புல்லின் பெயரைக் கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை. யாரும் முழுதாகக் கணக்கெடுக்காத அந்தப் புல்வெளியைத் தரிசு என்று எழுதிவிட்டு, ஆங்கிலேயர் காலத்திலும் அதற்குப் பிறகும் சீகை என்கிற வாட்டில் மரமும் கற்பூர மரம் என்கிற யூகலிப்டஸும் நட்டோம். வரையாட்டின் மேய்ச்சல் நிலம் சுருங்கியது. இப்போது சீகையை வெட்டி அகற்றுகிறார்கள், நல்லது. வெட்டிய இடத்தில் எந்தப் புல்லை நடுவது? அங்கே முன்பு என்ன இருந்தது என்ற பதிவு கையில் இருந்தால்தான் இதற்குப் பதில் சொல்ல முடியும்.

புல்லைப் பதிவு செய்வது பொறுமையான வேலை. இலையை மட்டும் கிள்ளி வந்தால் பயனில்லை. வேரோடும் கதிரோடும் எடுக்க வேண்டும். இலை தண்டைத் தழுவும் இடத்தை விரித்துப் பாருங்கள். ஒன்றில் மெல்லிய சவ்வு இருக்கும், இன்னொன்றில் வெறும் மயிர் வரிசை. பிறகு சிறுகதிரை ஊசியால் பிரித்து லென்ஸில் பார்க்க வேண்டும்: உமி எத்தனை, நுனியில் மீசை உண்டா, அது நேரா, முறுக்கா? ஊசிப்புல்லின் மீசையில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். முறுக்கு அவிழ்ந்து சுழலும். விதை மண்ணுக்குள் இறங்குவது அப்படித்தான். எடுத்த புல்லைக் காகிதத்துக்கு இடையில் வைத்து அழுத்திக் காயவைக்க வேண்டும்; மலைமேல் பனிமூட்டத்தில் அந்தக் காகிதம் காயாது. தினமும் மாற்றாவிட்டால் பூஞ்சை பிடித்துவிடும்.

நமக்கு முன்னோடிகள் இல்லாமல் இல்லை. கோவை வேளாண் கல்லூரியில் பணியாற்றிய ரங்காச்சாரியார் 1921இல் தென்னிந்தியப் புற்களுக்கு ஒரு கையேடு தந்தார். அவர் பெயரைத் தாங்கிய எரியோக்ரைசிஸ் ரங்காச்சாரி நீலகிரியின் சதுப்புகளில் வளர்கிறது. தோடர்கள் தங்கள் கோயில் கூரையை வேய்வது அந்தப் புல்லால்தான். சதுப்பு வற்றினால் கூரைக்குப் புல் ஏது? ஆகவே பதிவெடுக்கப் போகிறவர் முதலில் தோடர் குடியிருப்பான மந்துக்குப் போய்ப் பெரியவர்களிடம் கேட்க வேண்டும் என்பேன். எந்தப் பள்ளத்தில் எது முளைக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

கோவையில் இந்தியத் தாவரவியல் மதிப்பாய்வகத்திலும், திருச்சி தூய வளனார் கல்லூரியின் ராபினாட் உலர்தாவரகத்திலும் (ஹெர்பேரியம்) உலர்த்திய செடிகளை ஒட்டிய பழைய தாள்கள் இருக்கின்றன. அங்கே போங்கள். ஒவ்வொரு தாளிலும் ஒட்டிய விவரச் சீட்டில் உள்ள இடம், உயரம், ஆண்டு மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். வனத்துறை அனுமதியோடு, மழை ஓய்ந்து புல் கதிர்விடும் காலத்தில் அதே சரிவுக்கு ஏறுங்கள். புல் இருந்தால் புதிய தாள் போடுங்கள். இல்லையென்றால், தேடியும் கிடைக்கவில்லை என்பதைத் தேதி போட்டு எழுதுங்கள்; அந்தச் சரிவில் இப்போது நிற்பது என்ன என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.